புள்ளியா, தடிப்பா, கொப்புளமா? தோலில் வருவதை டாக்டரிடம் சொல்வது எப்படி?

“நெல் அறுவடை முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்காரருக்குக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தது. அக்குளில் ஒரு சின்னப் புண் இருந்தது. ஆஸ்பத்திரியில் ‘உடம்பில் வேறு ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டபோது, ‘சாதாரணப் புண்தான், வலிகூட இல்லை’ என்று சொல்லிவிட்டோம். ஊசி, மாத்திரை என்று ஆறு நாள் போய்விட்டது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே சட்டையைக் கழற்றிப் பார்த்த டாக்டர், ‘இது ஸ்க்ரப் டைபஸ். இப்படி இருக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருக்கலாமே அம்மா’ என்றார். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால், புண்ணைப் புண் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? தோலில் வருவதற்கெல்லாம் டாக்டர்கள் என்னென்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?”

ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

புதர், புல்வெளி, வரப்பு ஓரங்களில் வாழும் மிகச் சிறிய உண்ணி வகை ஒன்றின் இளம்புழு கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். தமிழ்நாட்டில் மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் வரை இது அதிகம் தலைகாட்டும். கடித்த இடத்தில் பலருக்கு ஒரு அடையாளம் விழும். சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். டாக்டர்கள் இதை ‘எஸ்கார்’ என்பார்கள். இது வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் துணி கட்டும் இடம், மார்பகத்தின் அடிப்பகுதி என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால்தான் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

காய்ச்சலுடன் இந்தக் கருப்புப் பொருக்கும் இருக்கிறது என்று தெரிந்தால், டாக்டருக்கு வழி கிடைத்துவிடும். ‘டாக்ஸிசைக்ளின்’ என்ற விலை குறைந்த மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால், பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிப்பு போகலாம். ‘அக்குளில் கருப்புப் பொருக்கு இருக்கிறது, வலிக்கவில்லை.’ அந்த வீட்டில் சொல்லியிருக்க வேண்டியது இந்த ஐந்து சொற்கள்தான். அந்தக் குடும்பத்தின் மீது தவறில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுச் சொற்கள்தான்!

தோல் நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் பெயர்கள் வாயில் நுழையாதவைபோல் இருக்கும். உண்மையில் அவையும் வீட்டுச் சொற்கள்தான், லத்தீன் மொழிச் சொற்கள் என்பதுதான் வித்தியாசம். ‘மாக்யூல்’ என்றால் கறை. ‘நாட்யூல்’ என்றால் சின்ன முடிச்சு. ‘புல்லா’ என்றால் குமிழி. ‘பிளேக்’ பிரெஞ்சுச் சொல், தட்டு என்று பொருள்.

200 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்திலும் இதே குழப்பம் இருந்தது. ஒரே நோயை ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், ஒரே பெயரில் பத்து நோய்களைச் சொன்னார்கள். லண்டனில் ஏழைகளுக்கான இலவச மருந்தகத்தில் வேலை பார்த்த ராபர்ட் வில்லன் என்ற மருத்துவர், நோயின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘கண்ணுக்கு என்ன தெரிகிறது?’ என்று கேட்கத் தொடங்கினார். தட்டையா, மேடா, நீர் கோத்ததா, சீழ் பிடித்ததா, செதிலா என்று பார்த்து எட்டு வகையாகப் பிரித்தார். 1808-ல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. இன்றைக்கும் தோல் டாக்டர்கள் பேசும் மொழிக்கு அடித்தளம் அதுதான்.

அவர் செய்ததையே வீட்டிலும் செய்யலாம். நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. கண்ணுக்குத் தெரிவதைச் சரியாகச் சொல்வது மட்டும்தான் வீட்டில் இருப்பவர்களின் வேலை. அதற்கு முதலில் மூன்று கேள்விகள் போதும். தட்டையாக இருக்கிறதா? மேடாக இருக்கிறதா? உள்ளே நீரோ சீழோ இருக்கிறதா?

தட்டையாக இருந்தால்...

கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். நிறம்தான் மாறியிருக்கிறது, விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றால் அது தட்டையானது. சிறியதாக இருந்தால் ‘மாக்யூல்’, பெரியதாக இருந்தால் ‘பேட்ச்’. சிறியது, பெரியது என்பதற்கு டாக்டர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் கோடு 1 செ.மீ. ஏறக்குறைய சுண்டுவிரல் நகத்தின் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தேமல் இந்த வகைதான். வியர்வை அதிகமுள்ளவர்களுக்கு மார்பு, முதுகு, கழுத்தில் வெளிறிய புள்ளிகளாக வரும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடுபோல் உதிரும். வெண்புள்ளி அப்படியல்ல. பால் வெள்ளையாக இருக்கும், சுரண்டினாலும் எதுவும் உதிராது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். தோல் சற்று வெளிறியோ, செம்பு நிறத்திலோ இருக்கும். அரிக்காது. அந்த இடத்தில் முடி உதிர்ந்திருக்கலாம், வியர்க்காமலும் இருக்கலாம். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஞ்சுத் திரியால் மெதுவாகத் தொடுங்கள். தொடுவது தெரியவில்லை என்றால், தொழுநோயா என்று சோதிக்க வேண்டியது அவசியம். வெட்கப்படவோ பயப்படவோ தேவையில்லை. இதற்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ, ஓராண்டோ சாப்பிட வேண்டும். முழுமையாகக் குணமாகும். உணர்ச்சியில்லாத இடத்தைத் தேமல் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால்தான் கை, கால் விரல்கள் ஊனமாகின்றன. ஆகவே, தட்டையான எந்தத் திட்டைச் சொல்லும்போதும் ‘உணர்ச்சி இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தட்டையான சிவப்புப் புள்ளிகளுக்கு இன்னொரு சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அதன் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் மறைந்தால், அது ரத்தக்குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு. மறையாமல் அப்படியே நின்றால், தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. காய்ச்சலோடு இப்படிப் புள்ளி இருந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிவப்பு என்று புத்தகத்தில் எழுதியிருப்பது கருத்த தோலில் சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, கத்தரிப்பூ நிறத்திலோ, வெறும் கருப்பாகவோ தெரியலாம். அப்போது கண்ணைவிடக் கையை நம்புங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லலாம்.

மேடாக இருந்தால்...

விரலில் தட்டுப்படுகிறது, உள்ளே நீர் இல்லை, கெட்டியாக இருக்கிறது என்றால், 1 செ.மீ-க்குக் குறைவானது ‘பப்யூல்’. வியர்க்குரு, மரு எல்லாம் இதில் சேரும். மேல்பகுதி தட்டையாக, தட்டு கவிழ்த்ததுபோல் அகலமாக இருந்தால் ‘பிளேக்’. தோலின் ஆழத்தில் உருண்டையாகக் கையில் சிக்கினால் ‘நாட்யூல்’, அதாவது கட்டி அல்லது கழலை.

சின்னச் சின்னப் பப்யூல்கள் விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வந்து, ராத்திரியில் தூங்கவிடாமல் அரித்தால், பெரும்பாலும் அது சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது. ‘ராத்திரியில்தான் அரிப்பு அதிகம், வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு இருக்கிறது’ என்று சொன்னாலே டாக்டருக்குப் பாதி விளங்கிவிடும். ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் சிரங்கு போகாது. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும்.

மேடானவற்றில் தனி வகை ‘வீல்’. கம்பளிப்பூச்சி பட்டாலோ, செந்தட்டி உரசினாலோ வருமே, அந்தத் தடிப்பு. திடீரென்று உடம்பெல்லாம் தடித்தால் காணாக்கடி என்கிறோம். இதன் குணம், ஒரு இடத்தில் நிற்காது. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் அந்த இடம் அடங்கி, வேறு இடத்தில் கிளம்பியிருந்தால் அது வீல். ஒரே இடத்தில் நாள்கணக்கில் நின்றால் வேறு எதுவோ. தடிப்போடு உதடு, நாக்கு, கண் இமை வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, குரல் கம்மினாலோ, தலைசுற்றினாலோ கோடு போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 108-ஐ அழைத்துவிடுங்கள்.

உள்ளே நீர் இருந்தால்...

தெளிந்த நீருடன் சிறியதாக இருந்தால் ‘வெசிக்கிள்’. 1 செ.மீ-க்கு மேல் பெரிதாக இருந்தால் ‘புல்லா’. நீருக்குப் பதிலாகச் சீழ் இருந்தால் ‘பஸ்டியூல்’. தமிழில் நீர்க்கொப்புளம், சீழ்க்கொப்புளம் என்று சொன்னாலே போதும். ஆனால், கொப்புளத்தைப் பொறுத்தவரை பெயரைவிட முக்கியம் அது எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான். மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், முதுகிலிருந்து நெஞ்சு நோக்கிப் பட்டைபோல், கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். அது கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடத்தில் எரிச்சல் அல்லது குத்தல் வலி. இதுதான் அக்கி. சிறு வயதில் வந்துபோன சின்னம்மைக் கிருமி நரம்பில் தங்கியிருந்து மறுபடி கிளம்புவதால் வருகிறது. கிராமங்களில் மண்பாண்டம் செய்பவரிடம் போய்க் காவியால் ‘அக்கி எழுதுவது’ வழக்கம். இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. காவிக்கு அடியில் கொப்புளம் இருக்கிறதா, பொருக்கா, சீழா என்பது டாக்டர் கண்ணுக்குத் தெரியாது. அடுத்து, அக்கிக்கான வைரஸ் மருந்தைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டுப் போனால் அந்த மூன்று நாளும் போயிருக்கும். வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்பதுண்டு. நெற்றியிலோ, கண் பக்கமோ, மூக்கு நுனியிலோ வந்தால் பார்வைக்கே ஆபத்து. அன்றைக்கே கண் டாக்டரையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் படுத்து எழுந்தவருக்குக் கழுத்திலோ முகத்திலோ சாட்டையால் அடித்ததுபோல் நீளக் கோடாகச் சிவந்து, எரிந்து, அதன் மேல் சிறு கொப்புளங்கள். ‘அக்கி’ என்றும் ‘சிலந்தி நக்கிவிட்டது’ என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் இது ஒரு வண்டின் வேலை. எறும்புபோல் ஒல்லியாக, ஆரஞ்சும் கருப்பும் மாறி மாறி இருக்கும் அந்த வண்டு கடிப்பதில்லை, கொட்டுவதும் இல்லை. தோல் மேல் வைத்து நசுக்கும்போது அதன் உடம்பில் உள்ள நச்சுநீர் பட்டுத்தான் வெந்துபோகிறது. முழங்கை மடிப்பில் பட்டால், மடித்த இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அச்சு விழும். நசுக்காமல் ஊதிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இதே வண்டுதான் நெல் வயலில் புகையான் போன்ற பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது. ஆகவே, வயலில் கண்டால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, சின்னம்மை. காய்ச்சலோடு உடம்பெல்லாம் பரவும். ஒரே நேரத்தில் ஒரு இடத்தில் புள்ளி, ஒரு இடத்தில் மேடு, ஒரு இடத்தில் நீர்க்கொப்புளம், இன்னொரு இடத்தில் காய்ந்த பொருக்கு என்று எல்லா நிலையும் கலந்து தெரியும். ‘எல்லாம் ஒரே மாதிரி இல்லை, கலந்து இருக்கிறது’ என்பதையும் சொல்லுங்கள். கர்ப்பிணிகளை அருகில் விடாதீர்கள்.

மாறிப்போன பிறகு...

சொறிந்தது, உடைந்தது, ஆறத் தொடங்கியது என்று முதலில் வந்தது மாறிப்போவதும் உண்டு. உதிர்வது ‘ஸ்கேல்’, அதாவது செதில். கசிந்த நீரோ சீழோ ரத்தமோ காய்ந்து ஒட்டியிருப்பது ‘கிரஸ்ட்’, அதாவது பொருக்கு. மேல்தோல் மட்டும் உரிந்தால் ‘எரோஷன்’. நடவு நேரத்தில் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணில் தோல் ஊறி வெளுத்து உரிவது இந்த வகை. கோடாக வெடித்தால் ‘ஃபிஷர்’, குதிகாலில் வரும் பித்தவெடிப்பு நல்ல உதாரணம். ஆழமாகக் குழி விழுந்தால் ‘அல்சர்’. அல்சர் என்றால் வயிற்றில் வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் வலியில்லாமல் விழும் குழிப்புண்ணும் அல்சர்தான். வலிக்கவில்லை என்பது அங்கே நல்ல சேதி இல்லை. நரம்பு உணர்ச்சி போய்விட்டது என்று பொருள்.

வடிவத்தையும் பாருங்கள். வளையம்போல் இருந்து, ஓரம் தடித்துச் செதிலோடு, நடுப்பகுதி தெளிந்திருந்தால் பெரும்பாலும் படர்தாமரை. முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று துணி மூடாத இடங்களில் மட்டும் தோல் தடித்து, கருத்து, அரித்தால் காற்றில் வரும் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம். நம் ஊர்களில் அது பல நேரம் பார்த்தீனியம் செடி. பூக்கும் காலத்தில் அதிகமாகிறதா, வெளியூர் போனால் குறைகிறதா என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

பூசுவதற்கு முன்பு காட்டுங்கள்!

இவ்வளவு அடையாளங்களையும் ஒரே நாளில் அழித்துவிட முடியும். காவி, மஞ்சள், சுண்ணாம்பு, டூத் பேஸ்ட் எதைப் பூசினாலும் நிறமும் வடிவமும் மறைந்துவிடும். அதைவிட மோசம், மெடிக்கல் கடையில் ‘அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கும் களிம்பு. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். படர்தாமரையில் இதைப் பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், ஆனால் காளான் உள்ளே வளரும். வளையம் கலைந்து, டாக்டருக்கே அடையாளம் தெரியாதபடி ஆகிவிடும். தோல் மெலிந்து வரி வரியாகத் தழும்பு விழும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட களிம்புகள் பலவற்றை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே பூசியிருந்தால் மறைக்காமல், டியூபையே கையில் எடுத்துச் செல்லுங்கள்.

டாக்டரிடம் சொல்ல ஏழு விஷயங்கள்

1. எங்கே தொடங்கியது, இப்போது எங்கெல்லாம் இருக்கிறது. மறைவான இடமாக இருந்தாலும் சொல்லுங்கள்.
2. எத்தனை நாளாக. முதலில் எப்படி இருந்தது, இப்போது எப்படி மாறியிருக்கிறது.
3. தட்டையா, மேடா, நீரா, சீழா. அளவு கடுகா, மிளகா, சுண்டுவிரல் நகமா, அதற்கும் மேலா.
4. தனித்தனியா, கொத்தா, கோடா, வளையமா, ஒரு பக்கம் மட்டுமா.
5. அரிப்பா, வலியா, எரிச்சலா, உணர்ச்சியே இல்லையா.
6. காய்ச்சல் உண்டா. வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா.
7. அதற்கு முன்பு என்ன வேலை செய்தீர்கள், என்ன மருந்து தெளித்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், என்ன பூசினீர்கள்.

காய்ச்சல் வந்தவரைத் தலை முதல் கால் வரை, அக்குள், இடுக்கு எல்லாம் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

“எங்கள் பசுவுக்கு உடம்பில் ‘அம்மை’ போட்டிருக்கிறது. கோமாரி தடுப்பூசி போட்டும் ஏன் வந்தது? கறக்கும் எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?”

ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்.

மாட்டுக்கும் அதே மூன்று கேள்விகள்தான். ‘அம்மை’ என்ற ஒரே சொல்லில் இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. கோமாரியில் வருவது கொப்புளம். நாக்கு, ஈறு, குளம்புப் பிளவில் நீர் கோத்து, உடைந்து, தோல் உரியும். மாடு எச்சில் ஒழுக்கும், நொண்டும். தோல் கழலை நோயில் வருவது கெட்டியான கட்டி. கழுத்து, முதுகு, கால், மடி என்று உடம்பெல்லாம் 2 முதல் 5 செ.மீ வரை உருண்டை உருண்டையாகக் கையில் தட்டுப்படும். கூடவே காய்ச்சல், பால் குறைவு, கால் வீக்கம் இருக்கும். இந்தியாவில் 2019-ல் முதலில் ஒடிசாவில் தென்பட்டு, 2022-ல் பல மாநிலங்களில் பெரும் சேதம் செய்த நோய் இது.

இரண்டுக்கும் வைரஸ் வேறு வேறு. கோமாரி தடுப்பூசி கழலை நோயைத் தடுக்காது. கழலை நோய்க்கு ஆட்டம்மைத் தடுப்பூசியை மாடுகளுக்குப் போடுகிறார்கள். கொசு, ஈ, உண்ணி மூலம் பரவுவதால் நோயுற்ற மாட்டைத் தனியாகக் கட்டி, கொட்டகையில் அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும்.

1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கும்போது, ‘அம்மை’ என்று மட்டும் சொல்லாமல், ‘உடம்பெல்லாம் கெட்டியான கட்டி, வாயில் கொப்புளம் இல்லை’ என்பதுபோலச் சொல்லுங்கள். தோல் கழலை நோய் மனிதருக்கு ஒட்டாது. ஒட்டக்கூடியது வேறு ஒன்று. கன்றுக்குட்டிகளுக்குக் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும், முடி உதிர்ந்து சாம்பல் நிறப் பொருக்கோடு வட்ட வட்டமாக வருமே, அது படர்தாமரை. கன்றைக் கட்டிக்கொஞ்சும் பிள்ளைகளுக்கும் அது வரும். கன்றுக்கு வைத்தியம் பார்க்கும்போது வீட்டுப் பிள்ளைகளின் கை, கழுத்தையும் பார்த்துவிடுங்கள்.

“தோல் டாக்டர் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் போதுமா?”

ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்.

முதல் யோசனை கேட்க உதவும். மத்திய அரசின் ‘இ-சஞ்சீவனி’ சேவையில் வீட்டிலிருந்தே இலவசமாக டாக்டரிடம் பேசலாம். ஆனால், படம் நன்றாக இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் எடுங்கள். இரண்டு படங்கள் தேவை. ஒன்று, முழு முதுகு அல்லது முழுக் கை தெரியும்படி தூரத்திலிருந்து. அடுத்தது, பாதிப்பு மட்டும் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்திலிருந்து. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். எதையும் பூசுவதற்கு முன்பு எடுங்கள். தடிப்பு வந்து வந்து மறைகிறது என்றால், இருக்கும்போதே எடுத்து வையுங்கள். டாக்டரிடம் போகும் நேரத்தில் அது இருக்காது.

படத்தால் சொல்ல முடியாதவையும் உண்டு. மேடா, தட்டையா என்பது படத்தில் பல நேரம் தெரியாது. சூடு, கெட்டி, வலி, உணர்ச்சியின்மை எதுவுமே தெரியாது. அவற்றை வாயால்தான் சொல்ல வேண்டும்.

காய்ச்சலோடு அழுத்தினால் மறையாத புள்ளிகள், மூச்சு முட்டலோடு தடிப்பு, புது மாத்திரை சாப்பிட்ட பிறகு வாய், கண், பிறப்புறுப்பில் புண்ணாகித் தோல் உரிவது, காய்ச்சலோடு வலியில்லாத கருப்புப் பொருக்கு. இந்த நான்கில் எது இருந்தாலும் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை சாப்பிட்டிருந்தால் அந்த அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.